கப்பல் தெரிகிறது, முதலாளி தெரிவதில்லை

(கடல்வழி வணிகமும் தொழிலாளி வர்க்கமும் என்ற பொருளில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2011 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. மும்பை ஜூஹு கடற்கரைக்கு வந்தவர்கள் ஓர் எண்ணெய்க் கப்பல் மணலில் தட்டி நிற்பதைக் கண்டனர். அதன் பெயர் பவித். பனாமா நாட்டில் பதிவு செய்யப்பட்டது. கப்பலில் ஒருவர்கூட இல்லை.

அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, ஜூன் இறுதியில், ஓமன் நாட்டுக்கு அப்பாலுள்ள கடற்பகுதியில் அந்தக் கப்பலின் இயந்திரம் செயலிழந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு. கப்பலில் இருந்த 13 இந்திய மாலுமிகளும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் உதவியால் மீட்கப்பட்டனர். கைவிடப்பட்ட கப்பல் மூழ்கியிருக்கும் என்றே கருதப்பட்டது. அது மூழ்கவில்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளிய திசையில், மின்சாரமோ ஆளோ இல்லாமல், அரபிக் கடலின் குறுக்கே மிதந்து வந்து இந்தியாவின் நிதித் தலைநகரில் கரை ஒதுங்கியது. கடல் வழியாக வந்தவர்கள் மும்பையைத் தாக்கி மூன்றாண்டுகூட ஆகவில்லை. கடற்படை, கடலோரக் காவல்படை, மாநிலக் கடலோரக் காவல்துறை என அடுக்கடுக்காகக் கண்காணிப்பு அமைக்கப்பட்டிருந்த காலம் அது. அத்தனை அடுக்குகளையும் ஆளில்லாத கப்பல் தாண்டி வந்தது.

அன்றைய ஊடகங்கள் இதைப் பாதுகாப்புக் குறைபாடாக மட்டுமே பேசின. தொழிலாளி வர்க்கத்தின் நோக்கில் இதனுள் இன்னொரு கேள்வியும் உண்டு. கடலில் செல்லும் எண்ணெய்க் கப்பல் யாருக்கு, எவ்வாறு தெரிகிறது? அதைப் பற்றி எது வெளிப்படையாக வைக்கப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண முதலில் கப்பலைப் படிக்கக் கற்க வேண்டும்.

கப்பல் தன்னைப் பற்றிச் சொல்வது

1974ஆம் ஆண்டின் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட விதியின்படி, பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் தானியங்கி அடையாளக் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளைக் கொண்டு இதனை ஏ.ஐ.எஸ். என்பர். 2004 இறுதிக்குள் இது நடைமுறைக்கு வந்தது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதே இதன் முதல் நோக்கம்.

இந்தக் கருவி வானொலி அலைவரிசையில் தொடர்ந்து செய்தி அனுப்புகிறது. கப்பல் ஓடிக்கொண்டிருந்தால், வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப, 2 முதல் 10 விநாடிகளுக்கு ஒருமுறை. நங்கூரமிட்டு நின்றால் 3 நிமிடங்களுக்கு ஒருமுறை. கரையிலுள்ள நிலையங்கள் சில பத்து கடல் மைல் தொலைவு வரையிலும் இதைப் பெறுகின்றன. அதற்கு அப்பால் செயற்கைக் கோள்கள் பெறுகின்றன. கைபேசி வைத்திருக்கும் எவரும் இன்று உலகக் கடல்களின் வரைபடத்தில் கப்பல்களைப் புள்ளிகளாகக் காண முடிவதற்கு இதுவே காரணம்.

அனுப்பப்படும் செய்தி மூன்று வகைப்படும். முதல் வகை கப்பலின் மாறாத விவரங்கள்: பெயர், அடையாள எண்கள், நீளம், அகலம், கப்பலின் வகை. 80 முதல் 89 வரையிலான குறியீடு இருந்தால் அது திரவச் சரக்குக் கப்பல், அதாவது டேங்கர். இரண்டாம் வகை கணந்தோறும் மாறுபவை: அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை. இவற்றைக் கருவியே செயற்கைக் கோள் இடங்காட்டியிலிருந்து பெற்றுக்கொள்கிறது. மூன்றாம் வகை பயண விவரங்கள்: சேருமிடம், சேரும் நேரம், கப்பலின் அடிப்பகுதி நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்துள்ளது என்பது. இவை மாலுமியின் கையால் பதியப்படுபவை. எனவே தவறாகவும் இருக்கலாம். வேண்டுமென்றே பொய்யாகவும் இருக்கலாம்.

அமிழ்வு ஆழம் என்பது சிறிய விவரம்போல் தோன்றும். ஆனால் டேங்கரைப் பின்தொடர்பவருக்கு இதுவே முதன்மையான தடயம். 2 லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கும் பெருங்கப்பல் ஏறத்தாழ 330 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரே நடையில் ஏறக்குறைய 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் கொண்டு செல்லும். முழுச் சுமையுடன் அது 20 மீட்டருக்கும் அதிகமாக நீரில் அமிழும். காலியாகத் திரும்பும்போது அதில் ஏறத்தாழப் பாதி. பாரசீக வளைகுடாவிலிருந்து 20 மீட்டர் அமிழ்வுடன் புறப்பட்ட கப்பல் குஜராத்தின் வாடினார் அருகே சில நாள் நின்று 10 மீட்டர் அமிழ்வுடன் திரும்பினால், எண்ணெய் எங்கே இறங்கியது என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் வணிக நிறுவனங்கள் இத்தகைய விவரங்களைத் திரட்டித்தான் ஒவ்வொரு நாளும் சந்தையில் விலை பேசுகின்றன. மூலதனத்துக்குப் பயன்படும் இந்தக் கல்வி உழைப்பாளருக்கும் பயன்பட வேண்டும்.

பெயர் மாறும்; எண் மாறாது

கப்பலின் பெயரை நம்பக் கூடாது. உடைமையாளர் மாறும்போதெல்லாம் பெயர் மாறும், கொடி மாறும், கொடியுடன் வானொலி அடையாள எண்ணும் மாறும். ஒன்பது இலக்கம் கொண்ட அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் கொடி நாட்டைக் குறிப்பவை. இந்தியாவுக்கு 419, லைபீரியாவுக்கு 636, மார்ஷல் தீவுகளுக்கு 538.

கட்டுமானம் முதல் உடைப்பு வரை மாறாமல் இருப்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண். 1987இல் அறிமுகமாகி, 1996 முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்த எண் கப்பலின் உடலிலேயே நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் மெய்யானதா என்று தாளும் எழுதுகோலும் கொண்டே ஓரளவு சோதிக்கலாம். எடுத்துக்காட்டாக 9074729. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். 63, 0, 35, 16, 21, 4. கூட்டுத்தொகை 139. அதன் கடைசி இலக்கம் 9. கப்பல் எண்ணின் ஏழாம் இலக்கமும் 9. பொருந்தவில்லை என்றால் எண் புனையப்பட்டது அல்லது தவறாக எழுதப்பட்டது.

இந்த ஒரே எண்ணைக் கொண்டு கப்பலின் வயது, சுமைத்திறன், முந்தைய பெயர்கள், துறைமுக ஆய்வுகளில் கண்டறியப்பட்ட குறைகள் ஆகியவற்றைத் தேடிப் பெற முடியும். 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் எக்வாசிஸ் என்னும் பொதுத் தரவகம் இவற்றுள் பலவற்றைக் கட்டணமின்றி அளிக்கிறது. வயது முக்கியம். 1999 டிசம்பரில் பிரான்சின் பிரித்தானி கடற்கரைக்கு அப்பால் இரண்டாகப் பிளந்த எரிகா 1975இல் கட்டப்பட்டது. 2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியாவுக்கு அப்பால் பிளந்த பிரெஸ்டீஜ் 1976இல் கட்டப்பட்டது. இரண்டும் ஒற்றைச் சுவர் கொண்ட கப்பல்கள். 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பிறகே இரட்டைச் சுவர் விதி வந்தது. இருந்தும் பழைய கப்பல்கள் தேயும்வரை ஓட்டப்பட்டன. புதிய கப்பல் வாங்கும் செலவை ஒத்திப்போடுவது முதலாளிக்கு இலாபம். அதன் ஆபத்து மாலுமிக்கும் கடலோர மக்களுக்கும்.

கொடிக்குப் பின்னே யார்?

கப்பல் எங்கே இருக்கிறது என்பது சில மீட்டர் துல்லியத்தில் தெரிகிறது. அதன் முதலாளி எங்கே இருக்கிறார் என்று கேட்டால்தான் வரைபடம் மௌனமாகிவிடுகிறது.

பிரெஸ்டீஜ் கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். கொடி பஹாமாஸ் நாட்டுடையது. உடைமை நிறுவனம் லைபீரியாவில் பதிவானது. நிர்வாகம் கிரேக்கத்தில். சரக்கு சுவிட்சர்லாந்தில் அலுவலகம் கொண்ட வணிக நிறுவனத்துடையது. மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். சேதமுற்ற கப்பலுக்கு அடைக்கலம் தர ஸ்பெயின் அரசு மறுத்து, அதைக் கடலுக்குள் துரத்தியது. 60,000 டன்னுக்கும் அதிகமான எண்ணெய் கொட்டிய பிறகு சிறைக்குச் சென்றவர் யார்? கேப்டன் அப்போஸ்டலோஸ் மங்கூராஸ். அறுபது வயதைக் கடந்த அவர் 83 நாட்கள் காவலில் வைக்கப்பட்டார்.

1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்பகுதியில் பாறையில் மோதிய டாரி கேன்யன் கப்பலின் கதையும் இத்தகையதே. லைபீரியக் கொடி. எழுத்தில் உடைமையாளர் பெர்முடாவில் அலுவலகம் கொண்ட ஒரு நிறுவனம். கப்பலை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருந்தது அமெரிக்காவின் யூனியன் ஆயில். அந்தப் பயணத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தது பிரிட்டிஷ் பெட்ரோலியம். மாலுமிகள் இத்தாலியர்கள். இழப்பீடு கோரிய பிரிட்டிஷ் அரசால் முதலாளியின் கதவைத் தட்ட முடியவில்லை. அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலான லேக் பலூர்த் சிங்கப்பூர் வரும்வரை காத்திருந்து, அதில் ஏறி நீதிமன்ற ஆணையைப் பாய்மரக் கம்பத்தில் ஒட்ட வேண்டியதாயிற்று. உலகின் பழைய ஏகாதிபத்திய அரசுக்கே இந்த நிலை என்றால், எண்ணூரின் மீனவருக்கோ ஊதியம் கிடைக்காத ஒரு மாலுமிக்கோ என்ன வழி இருக்கும்?

இதைத்தான் வசதிக் கொடி முறை என்பர். வரியும் தொழிலாளர் சட்டமும் ஆய்வும் எங்கே குறைவோ அங்கே கப்பலைப் பதிவு செய்வது. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றே உலகின் மிகப் பெரிய கொடி நாடுகள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் இடையே மெய்யான பிணைப்பு இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிணைப்பு எது என்பதை வரையறுக்க 1986இல் உருவாக்கப்பட்ட ஐ.நா. ஒப்பந்தம் போதிய நாடுகள் ஏற்காததால் நடைமுறைக்கே வரவில்லை. கப்பல் முதலாளிகளின் செல்வாக்குக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2024 ஜூலை நடுவில் ஓமனுக்கு அப்பால் கவிழ்ந்த பிரெஸ்டீஜ் ஃபால்கன் டேங்கர் கொமொரோஸ் கொடி ஏந்தியது. அதில் இருந்த 16 பேரில் 13 பேர் இந்தியர். 3 பேர் இலங்கையர். கடலில் தத்தளித்தவர்களில் 9 பேரை உயிருடன் மீட்டது இந்தியக் கடற்படையின் தேக் கப்பல். கொடிக்குரிய நாடு அந்தக் கடலில் எங்கும் இல்லை. உழைப்பு இந்தியருடையது; மீட்பும் இந்திய மக்களின் பணத்தில். இலாபம் மட்டும் வேறொரு முகவரிக்கு.

நகராத புள்ளி

வரைபடத்தில் ஓடும் புள்ளிகளையே எல்லோரும் பார்க்கின்றனர். நகராத புள்ளிகளையும் பார்க்க வேண்டும். நங்கூரமிட்டிருக்கிறது என்ற குறியீட்டுடன் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டேங்கர் சில நேரங்களில் சரக்குக்காகக் காத்திருக்கும். சில நேரங்களில் அது கைவிடப்பட்ட கப்பலாக இருக்கும். அதனுள் மனிதர்கள் இருப்பார்கள்.

2021 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் உம் அல் குவைன் கடற்கரையில் ஐபா என்னும் டேங்கர் நங்கூரச் சங்கிலி அறுந்து கரை தட்டியது. பவித்தைப் போல் அது காலியாக இல்லை. இந்தியா, பாகிஸ்தான், மியான்மர் நாடுகளைச் சேர்ந்த ஐந்து தொழிலாளர்கள் அதில் இருந்தனர். கப்பல் நிறுவனம் பணநெருக்கடியில் சிக்கியதால் அவர்களுக்கு இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக ஊதியம் இல்லை. கரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அவர்கள் நின்றிருந்தனர். ஆளில்லாக் கப்பலை மட்டும் காணத் தவறிய உலகம் அல்ல இது. ஆளுள்ள கப்பலைக் கண்டும் காணாதிருந்த உலகமும் இதுவே.

கப்பலைவிட்டு அவர்கள் ஏன் இறங்கவில்லை என்று கேட்கலாம். இறங்க அந்நாட்டு அனுமதி வேண்டும். ஆளில்லாக் கப்பல் மற்றக் கப்பல்களுக்கு ஆபத்து என்பதால் துறைமுக நிர்வாகங்கள் மாற்று ஆள் இல்லாமல் இறங்க விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் விற்கப்படும்போது கிடைக்கக்கூடிய தொகையே அவர்களின் ஊதிய பாக்கிக்கு இருக்கும் ஒரே பிணை. இறங்கினால் அந்தப் பிணை நழுவும் என்று அஞ்சுகின்றனர். முதலாளி மறைந்த பிறகும் தொழிலாளியை அந்த இரும்புடன் பிணைத்து வைப்பது இந்தக் கணக்குதான்.

சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024இல் 300க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கும் அதிகமான மாலுமிகள் இவ்வாறு கைவிடப்பட்டனர். அவர்களுள் மிகுந்த எண்ணிக்கையினர் இந்தியர்களே. கடலோர மாநிலங்களிலிருந்து மட்டுமல்ல, உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களின் கிராமங்களிலிருந்தும் இளைஞர்கள் இந்த வேலைக்குச் செல்கின்றனர். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ முகவருக்குப் பணம் கட்டிச் செல்பவர் பலர். கப்பலின் எண்ணோ வயதோ கொடியோ அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015இல் ஏற்றது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இரண்டு மாத ஊதியம் தராமல் உறவை முறித்துக்கொண்டாலே கைவிட்டதாகப் பொருள். அத்தகைய நிலையில் நான்கு மாதம் வரையிலான ஊதிய பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் ஈடுசெய்யக் காப்பீடு இருக்க வேண்டும். காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலிலேயே தொங்கவிட வேண்டும். ஆனால் அதைச் செயல்படுத்தும் முதல் பொறுப்பு கொடி நாட்டினுடையது. கொடியே வாடகைக்கு என்றால் பொறுப்பும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

அணைக்கப்படும் கருவி

ஏ.ஐ.எஸ். கருவியை அணைக்கவும் முடியும். கடற்கொள்ளை போன்ற ஆபத்து இருந்தால் கேப்டன் அணைக்கலாம் என விதியே இடம் தருகிறது. ஆனால் இன்று வணிக நோக்கத்துக்காகவும் அணைக்கின்றனர். வேறு சிலர் பொய்யான இடத்தை அனுப்புகின்றனர்.

இது திடீரென முளைத்த தீமை அன்று. ஈரான்மீதும் வெனிசுவேலாமீதும் 2022க்குப் பிறகு ரஷ்யாமீதும் அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் ஒருதலைப்பட்சமாக விதித்த தடைகள் எண்ணெய் வணிகத்தை நிறுத்தவில்லை, இருட்டுக்குள் தள்ளின. 2025 ஜனவரி 10 அன்று மட்டும் 183 கப்பல்களை அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பெரும்பாலானவை டேங்கர்கள். தான் வாங்கும் எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என முடிவு செய்யும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அதில் வாஷிங்டனின் கட்டளைக்கு இடமில்லை. ஆனால் அந்த எண்ணெயைக் கொண்டுவரும் கப்பல் முதுமையடைந்ததா, காப்பீடு உள்ளதா, அதில் உழைக்கும் மாலுமிக்கு யார் பொறுப்பு என்று கேட்பதும் இறையாண்மையின் பகுதியே. தடை விதிக்கும் ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதும், தடையைக் காரணம் காட்டித் தொழிலாளரைப் பலியிடும் முதலாளியை எதிர்ப்பதும் முரண்பட்ட கடமைகள் அல்ல.

இந்தியாவின் கப்பல்கள் எங்கே?

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி அயல்நாட்டுக் கொடிக் கப்பல்களில் வருகிறது. 1961 அக்டோபர் 2 அன்று உருவான இந்தியக் கப்பல் கழகத்தின் நோக்கமே இந்தச் சார்பைக் குறைப்பதுதான். 1980களின் பிற்பகுதியில் நாட்டின் வெளிநாட்டு வணிகச் சரக்கில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தியக் கப்பல்களில் சென்றது. தாராளமயம் நடைமுறைக்கு வந்த பிறகு அது 10 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. அத்தகைய நிலையில், இருக்கும் பொதுத்துறையையும் வலுப்படுத்தாமல், கப்பல் கழகத்தில் அரசின் 63.75 விழுக்காட்டுப் பங்குகளை விற்க 2020 டிசம்பரில் விருப்ப மனு கோரப்பட்டது. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், கப்பல் முழுமையாக இந்திய உடைமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தியுள்ளது. வசதிக் கொடிகளால் இந்திய மாலுமிகள் படும் பாட்டைக் கண்ட பிறகும் அரசு செல்லும் திசை இது.

வெளிப்படைத்தன்மை வானத்திலிருந்து இறங்கி வராது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரு டேங்கர்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே தொடக்கத்தில் கூறப்பட்டது. கடற்கரை கறுத்த பிறகுதான் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. மீனவர்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் வாளிகளால் கழிவெண்ணெயை அள்ள வேண்டியிருந்தது. எந்தக் கப்பல், என்ன எண்ணெய், எவ்வளவு என்ற விவரங்கள் முதல் மணிநேரத்திலேயே மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

எனவே, துறைமுகப் பகுதிகளிலும் கடலோர மாவட்டங்களிலும் மாலுமிகள் மிகுதியாகச் செல்லும் கிராமங்களிலும் பணியாற்றும் தோழர்கள் சில செயல்களை உடனே மேற்கொள்ள முடியும். கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கப்பலின் ஏழு இலக்க எண்ணைக் கேட்டுப் பெறச் செய்ய வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு வயதையும் கொடியையும் தடுத்து வைக்கப்பட்ட வரலாற்றையும் பார்க்க உதவ வேண்டும். முகவருக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் உண்டா என்று சரிபார்க்க வேண்டும். கைவிடப்பட்ட கப்பல்களின் பட்டியலைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பொதுவெளியில் வைத்துள்ளது. ஊதியம் நின்ற இரண்டாம் மாதமே புகார் அங்கே சேர வேண்டும். குடும்பத்தினரிடம் அந்த எண் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கடிதமும் அழைப்பும் நின்றுபோன நாளில் கப்பலைத் தேட அது ஒன்றே வழி.

அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் தெளிவானவை. இந்தியத் துறைமுகம் வரும் ஒவ்வொரு டேங்கரின் இறுதிப் பயனாளி உடைமையாளர் யார் என்பது பகிரங்கமாக வேண்டும். செல்லத்தக்க காப்பீடு இல்லாத கப்பலுக்கு அனுமதி கூடாது. கைவிடப்படும் இந்திய மாலுமிகளின் ஊதிய பாக்கியை அரசு முதலில் வழங்கி, பின்னர் கப்பலிடமிருந்தும் முகவரிடமிருந்தும் வசூலிக்க வேண்டும். கப்பல் கழகம் பொதுத்துறையிலேயே விரிவாக்கப்பட வேண்டும்.

பவித் கரை ஒதுங்கியபோது நாடு அதிர்ந்தது, ஏனெனில் அது மும்பையின் மணலில் வந்து நின்றது. இன்றும் ஏதோ ஒரு நங்கூரத்துறையில் ஊதியமின்றி நிற்கும் இந்திய மாலுமி எந்தக் கடற்கரையிலும் வந்து மோதப் போவதில்லை. அவர் நிற்கும் இடம் தெரியும். கப்பலின் எண்ணும் தெரியும். அவரைத் தேடிச் செல்லும் அமைப்பைக் கட்டுவதே எஞ்சியிருக்கும் பணி.